நிலைக்கும் என்று சொன்ன புட்டி: நான்கு வாளிகளில் 11 நாள்

மண்ணில்லாமல் செடி வளர்ப்பவருக்கு உரத்தைத் தண்ணீரில் கலப்பது பெரிய வேலையன்று. கலந்த கரைசலின் பி.எச். அளவை (அமில-கார நிலையைக் காட்டும் எண்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே இடத்தில் நிறுத்தி வைப்பதுதான் வேலை. அந்த வேலையைப் புட்டியே பார்த்துக்கொள்ளும், மீட்டரை நீங்கள் தொடவே வேண்டாம் என்ற உறுதிமொழியோடு விற்கப்படும் இரு புட்டித் திரவ ஊட்டம் ஒன்றை வாங்கி, நான்கு வாளிகளில் செடி வைத்து 11 நாள் சோதித்துப் பார்த்தேன். பொருளின் பெயரை எழுதவில்லை. ஏறத்தாழ இதே கலவையும் இதே உறுதிமொழியும் வெவ்வேறு பெயர்களில் விற்பனைக்கு வருகின்றன. இங்கே சொல்லும் நிறைகுறைகள் அந்த வகைக்கே பெரும்பாலும் பொருந்தும்.

பெட்டிக்குள் மூன்று புட்டிகள் இருந்தன. 'ஏ' புட்டியில் கால்சியம் நைட்ரேட்டும் கிலேட் செய்த, அதாவது நீரில் கரைந்தே இருக்கும்படி ஒரு கரிமச் சேர்மத்தால் பிடித்து வைத்த, இரும்பும். இரும்பினால் அது டிகாஷன் நிறத்தில் இருக்கிறது. 'பி' புட்டியில் பாஸ்பேட், சல்பேட், மெக்னீசியம், நுண்ணூட்டங்கள். மூன்றாவது, பி.எச். குறைப்பதற்கென்று தனியாக வைத்த சிறு புட்டி. அதில் சிட்ரிக் அமிலம். புட்டிகளின் மூடியையே அளவுக் கிண்ணமாகப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். ஆனால் மூடியின் உட்புறத்தில் இருக்கும் கோடுகள் பிறந்த குழந்தையின் புருவம் போல இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை; ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

இரு புட்டிகளையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்ற எச்சரிக்கை பெரிய எழுத்தில் உள்ளது. அது எவ்வளவு உண்மை என்று பார்ப்பதற்காகவே சிறு கண்ணாடிக் குவளையில் இரண்டிலும் 5 மி.லி. ஊற்றினேன். பால் திரிந்தது போல அரை நிமிடத்தில் வெள்ளைக் கட்டிகள் திரண்டு அடியில் படிந்தன. அடர்ந்த நிலையில் கால்சியம் பாஸ்பேட்டோடும் சல்பேட்டோடும் சேர்ந்து வீழ்படிவாகும் என்பதால்தான் எல்லா நல்ல தயாரிப்புகளும் இப்படி இரண்டாகப் பிரித்து வருகின்றன. வாளி நிறையத் தண்ணீரில் முதலில் ஒன்றை ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகு மற்றதை ஊற்றினால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

சீட்டைப் படித்ததில் இரண்டு செய்திகள் நம்பிக்கை தந்தன. மொத்த நைட்ரஜனில் ஏறத்தாழ 10 சதவீதம் அம்மோனியமாகவும் மீதி நைட்ரேட்டாகவும் இருக்கிறது, இரும்பு ஈ.டி.டி.ஏ., டி.டி.பி.ஏ. ஆகிய இரண்டு கிலேட்டுகளிலும் இருக்கிறது. ஒரு செய்தி எரிச்சலூட்டியது. பி.எச். அளவைத் தாங்கிப் பிடிக்கும் பொருளை, அதாவது இந்தப் புட்டியை விற்பதற்கே காரணமான பொருளை, 'கரிமத் தாங்கல் பொருள்' என்று மட்டும் எழுதிவிட்டு, அதன் பெயரையோ அளவையோ தராமல் விட்டிருக்கிறார்கள். ஆய்வகங்களில் இந்த வேலைக்கு எம்.ஈ.எஸ். என்ற பொருளைப் பயன்படுத்துவதுண்டு; 1966-இல் நார்மன் குட் குழுவினர் வெளியிட்ட தாங்கல் பொருள்களில் அது ஒன்று. அது வலிமையாகத் தாங்கும் புள்ளி பி.எச். 6.1-ஐ ஒட்டி அமைவதால் செடிகளுக்கு வேண்டிய 5.5 முதல் 6.5 வரையிலான எல்லைக்குள் கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்தப் புட்டியில் இருப்பது அதுவா வேறொன்றா என்பதைச் சீட்டிலிருந்து அறிய வழியில்லை. எனவே பெயரை விட்டுவிட்டு அதன் வலிமையை அளப்பதே முறை என்று தோன்றியது.

அளப்பது கடினமன்று. ஆர்.ஓ. நீரில் சீட்டில் சொன்ன விகிதப்படி கலந்த 1 லிட்டர் கரைசலை பி.எச். 5.8-இல் நிறுத்திவிட்டு, 0.1 நார்மல் வலிமையுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசலைச் சிரிஞ்சினால் சிறிது சிறிதாகச் சேர்த்து, மீட்டர் 6.5 காட்டும் வரை எத்தனை மி.லி. செலவாகிறது என்று பார்த்தேன். இந்தப் புட்டிக் கரைசலுக்கு 7 மி.லி. வேண்டியிருந்தது. நான் வழக்கமாகப் பயன்படுத்தும், தாங்கல் பொருள் எதுவும் சேராத, நைட்ரேட்டை மட்டுமே நைட்ரஜனாகக் கொண்ட தூள் உரத்தின் கரைசல் 2 மி.லி.யிலேயே 6.5-ஐத் தொட்டுவிட்டது. எந்த உரத்திலும் இருக்கும் பாஸ்பேட்டே ஒரு தாங்கல் பொருள்தானே என்று கேட்கலாம். பாஸ்பேட்டின் வலிமையான புள்ளி 7.2-இல் இருக்கிறது, 5.8-இல் அதன் தாங்கும் திறன் சொற்பம். ஆகவே புட்டிக்குள் வேறொரு பொருள் உண்மையாகவே வேலை செய்கிறது, சாதாரண உரத்தைப் போல மூன்றரை மடங்கு காரத்தை அது தாங்குகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்கில் சொன்னால், லிட்டருக்கு 0.7 மில்லி சமானம் (அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறிக்கும் அளவைச் சொல்லும் அலகு). இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் இதைச் சுற்றித்தான் வரப்போகின்றன.

வாளி ஒவ்வொன்றும் 10 லிட்டர் கொள்ளும். வெளிச்சம் புகுந்து பாசி பிடித்தால் பகலில் பி.எச். தானாகவே ஏறும் என்பதால் கறுப்பு வாளிகள். முதல் வாளியில் ஆர்.ஓ. நீரும் இந்தப் புட்டி ஊட்டமும். இரண்டாவதில் குழாய் நீரும் இதே ஊட்டமும். மூன்றாவதில் அமிலம் சேர்த்துப் பண்படுத்திய குழாய் நீரும் இதே ஊட்டமும். நான்காவதில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஆர்.ஓ. நீரும் பழைய தூள் உரமும். நான்கிலும் நீருக்குள் குமிழ் விடும் காற்றுக் கல் இரவும் பகலும் ஓடியது. முதல் 48 மணி நேரம் செடி வைக்காமல் விட்டேன். செடி செய்யும் மாற்றம் எது, தண்ணீர் செய்யும் மாற்றம் எது என்று பிரித்துப் பார்க்க வேறு வழி இல்லை.

குழாய் நீரின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதன் பி.எச். 7.6. இந்த எண்ணை மட்டும் பார்த்து 'கொஞ்சம் காரம், அவ்வளவுதான்' என்று பலர் கடந்துவிடுகிறார்கள். ஆனால் பி.எச். என்பது அந்த நொடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே காட்டும். அதை அங்கிருந்து நகர்த்த எவ்வளவு அமிலம் வேண்டும் என்பதைக் காட்டாது. அதைக் காட்டுவது காரத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டின் அளவு. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் சொட்டுச் சோதனை இதற்குப் போதும். 5 மி.லி. நீரை எடுத்து மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டு, நீலம் மஞ்சளாக மாறும் வரை எண்ண வேண்டும். ஒரு சொட்டு ஒரு ஜெர்மன் பாகை. என் தண்ணீர் 13-ஆவது சொட்டு வரையிலும் நீலமாகவே நின்று 14-ஆவது சொட்டில் மாறியது. 14 பாகை என்றால் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு லிட்டருக்கு 250 மி.கி.; அதாவது 5 மில்லி சமானம்.

இப்போது அந்த 0.7-ஐ எடுத்து இந்த 5-இன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யானைப் பசிக்குச் சோளப் பொரி. இரண்டாவது வாளியில் ஊட்டத்தைக் கலந்தவுடன் மீட்டர் 6.8 காட்டியது, பெட்டியில் எழுதிய 5.5–6.3 எல்லைக்குள் அது ஒரு கணம்கூட வரவில்லை. 48 மணி நேரத்தில் அது 7.9-க்கு ஏறிவிட்டது, வாளியில் ஒரு வேர் நுனிகூட இல்லாத நிலையில். காரணம் இதுதான்: ஊட்டத்தில் இருந்த அமிலத்தன்மை பைகார்பனேட்டின் ஒரு பகுதியைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றியது, காற்றுக் கல்லின் குமிழ்கள் அந்த வாயுவை வெளியேற்றின, அதை ஈடுசெய்ய அமிலம் எதுவும் மிஞ்சாததால் பி.எச். மேலே போயிற்று. நீர்மட்டத்தை ஒட்டி வாளியின் சுவரில் வெண்மையான வளையம் ஒன்று படிந்தது. விரலால் தேய்த்தால் மாவு போல நெருடியது. ஒரு சொட்டு வினிகர் விட்டதும் கரைந்து போயிற்று. செடிக்குப் போக வேண்டிய கால்சியமும் பாஸ்பேட்டும் அங்கே சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன.

மூன்றாவது வாளிக்கு, உரம் சேர்ப்பதற்கு முன்பே, தண்ணீரை மட்டும் அமிலத்தால் பி.எச். 5.0 வரை இறக்கினேன். இதற்கு 1 நார்மல் வலிமைக்கு நீர்த்த நைட்ரிக் அமிலம் 48 மி.லி. செலவாயிற்று. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு இரவு முழுவதும் காற்றை ஓடவிட்டேன். காலையில் மீட்டரை வைத்தால் 7.2! அமிலமெல்லாம் வீணாகிவிட்டதோ என்று ஒரு கணம் திகைத்துவிட்டேன். ஆனால் ஊட்டத்தைக் கலந்ததும் அது 5.9-க்கு இறங்கி, 48 மணி நேரம் கழித்தும் 6.0-ஐத் தாண்டவில்லை. காலையில் கண்ட 7.2-க்குப் பின்னால் ஆள் பலம் இல்லை. பைகார்பனேட்டில் 20-இல் ஒரு பங்குகூட மீதம் இல்லாததால், புட்டியில் இருந்த சிறிய தாங்கும் திறனே அதைச் சமாளித்துவிட்டது. முதல் நாள் கண்ட 7.6-க்கும் மறுநாள் கண்ட 7.2-க்கும் எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. பொருளில் இருக்கும் வித்தியாசம் 20 மடங்குக்கும் மேல்.

அமிலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். கடைகளில் 'பி.எச். டவுன்' என்று கிடைப்பவை பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம். இவ்வளவு காரத்தன்மையை அதைக் கொண்டே முறித்தால் லிட்டருக்கு 150 மி.கி. அளவு பாஸ்பரஸ் கூடுதலாகச் சேர்ந்துவிடும். டென்னிஸ் ஹோக்லண்டும் டேனியல் ஆர்னனும் 1938-இல் வெளியிட்டு இன்றுவரை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படும் செடி ஊட்டக் கரைசலில் பாஸ்பரஸ் லிட்டருக்கு வெறும் 31 மி.கி. நைட்ரிக் அமிலம் லிட்டருக்கு ஏறத்தாழ 67 மி.கி. நைட்ரஜனைச் சேர்க்கிறது, அதைச் செடி தின்றுவிடும்.

ஆர்.ஓ. நீர் வைத்த இரண்டு வாளிகளிலும் இந்த 48 மணி நேரத்தில் சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை. புட்டி ஊட்டம் 5.7-இலிருந்து 5.8-க்கு வந்தது. தூள் உரமும் 5.8-இல் தொடங்கி 5.9-இல் நின்றது. நல்ல தண்ணீரும் செடியில்லாத வாளியும் இருந்தால் எந்த உரமும் 'நிலையான' உரம்தான். விற்பனைக்காகக் காட்டப்படும் செய்முறைகளில் வாளிக்குள் செடி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மூன்றாம் நாள் காலையில் வாளிக்கு இரண்டு வீதம் நான்கு வார லெட்டூஸ் நாற்றுகளை வைத்தேன். குறைந்த நீரை ஈடுசெய்ய எல்லா வாளிகளிலும் ஆர்.ஓ. நீரையே ஊற்றினேன். கீழே சொல்லும் நாள் கணக்கு நாற்று வைத்த நாளிலிருந்து.

தூள் உர வாளி மூன்றாம் நாளிலேயே 6.5-ஐத் தொட்டது. அமிலம் விட்டு 5.8-க்கு இறக்கினேன், ஆறாம் நாள் மறுபடியும் அதே கதை. வேர் நைட்ரேட்டை உறிஞ்சும்போது மின்னூட்டத்தைச் சமன்செய்ய ஹைட்ரஜன் அயனியையும் கூடவே இழுத்துக்கொள்கிறது, அல்லது பைகார்பனேட்டை வெளியே விடுகிறது. எப்படிப் பார்த்தாலும் கரைசல் காரப் பக்கம் நகர்கிறது. நைட்ரேட்டை மட்டுமே உண்ணும் செடி நன்றாக வளர்கிறது என்பதற்கு ஏறும் பி.எச்.சே சான்று. அதைப் பார்த்துக் கவலைப்படுபவர்களுக்கு இதைச் சொல்லித் தேற்றுவது என் வழக்கம்.

புட்டி ஊட்டம் வைத்த ஆர்.ஓ. வாளியின் நடத்தை வேறாக இருந்தது. 5.8-இல் இருந்த அளவு மூன்றாம் நாள் 5.4-க்கு இறங்கியது, ஆறாம் நாள் 5.7, ஒன்பதாம் நாள் 6.2, பதினோராம் நாள் 6.6. ஒருமுறைகூட நான் கை வைக்கவில்லை. முதலில் இறங்கிப் பிறகு ஏறும் இந்தக் கோடு தாங்கல் பொருளின் வேலையன்று. அந்த 10 சதவீத அம்மோனியத்தின் வேலை. அம்மோனியத்தை உறிஞ்சும் வேர் ஹைட்ரஜன் அயனியை வெளியே விடுவதால் கரைசல் அமிலப் பக்கம் சாய்கிறது. இரண்டும் இருக்கும்போது செடி அம்மோனியத்தை முந்தி எடுத்துக்கொள்ளும். அது தீர்ந்த பிறகு நைட்ரேட்டின் ஆட்சி தொடங்கி பி.எச். ஏறுகிறது. இது புதிய தந்திரமும் இல்லை. ஹோக்லண்டின் இரண்டாவது கரைசலில் நைட்ரஜனின் 15 பங்கில் ஒரு பங்கு அம்மோனியமாக இருக்கிறது. எனவே சீட்டில் தாங்கல் பொருளுக்குத் தரப்பட்டிருக்கும் புகழில் பாதியையாவது அம்மோனியத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். அம்மோனியத்தை இன்னும் கூட்டினால் இன்னும் நிலைக்குமே என்று யாரும் கிளம்ப வேண்டாம்; அளவு மிஞ்சினால், அதுவும் கரைசல் சூடாக இருந்தால், வேர் கருகும்; செடி கால்சியத்தை எடுப்பதும் குறையும்.

பண்படுத்திய குழாய் நீர் வாளியும் இதே பாதையில்தான் சென்றது. மூன்றாம் நாள் 5.6, ஒன்பதாம் நாள் 6.4, பதினோராம் நாள் 6.8. இரண்டாவது வாளியில் நாற்று வைத்த பிறகு பி.எச். 7.5-க்குக் கீழே இறங்கவேயில்லை. எட்டாம் நாள் புதிதாக விரிந்த இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாகவும் நடுவில் வெளிர் மஞ்சளாகவும் தெரிந்தது. ஈ.டி.டி.ஏ. இரும்பு 6.5-க்கு மேல் பிடிமானத்தை இழக்கத் தொடங்கும், டி.டி.பி.ஏ. 7.5-ஐ ஒட்டித் தடுமாறும். புட்டிக்குள் இரும்பு குறைவில்லாமல் இருந்தும் செடிக்குக் கிடைக்கவில்லை.

சிட்ரிக் அமிலப் புட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பதினோராம் நாள் மூன்றாவது வாளியை அதைக் கொண்டு 6.8-இலிருந்து 5.8-க்கு இறக்கினேன். அடுத்த நாள் 6.1, அதற்கடுத்த நாள் 6.5. சிட்ரிக் அமிலம் வேர்ப்பகுதியில் வாழும் நுண்ணுயிர்களுக்கு நல்ல தீனி. அவை அதைத் தின்று முடித்ததும் நாம் இறக்கிய அளவு பழைய இடத்துக்கே திரும்புகிறது. நிலைத்தன்மையை விற்கும் பெட்டிக்குள் நிலைக்காத அமிலத்தை வைத்திருப்பது பெரிய முரண். கையாளப் பாதுகாப்பானது என்பதற்காக வைத்திருக்கலாம். அப்படியானால் அதையாவது எழுதியிருக்கலாம்.

'மீட்டர் வேண்டாம்' என்ற வாசகத்தை நான் ஏற்கவில்லை. இந்த ஊட்டம் எத்தனை நாள் தாங்கும் என்பது செடியின் அளவையும் வாளியின் அளவையும் பொறுத்தது. 10 லிட்டரில் இரண்டு நாற்றுக்கு ஒன்பது நாள் தாங்கியது, நன்கு வளர்ந்த நான்கு செடிக்குத் தாங்காது. மீட்டர் வைத்திருப்பவர் 7.00, 4.01 ஆகிய இரு கரைசல்களிலும் சரிபார்த்துவிட்டு அளக்க வேண்டும். முனையைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைத்திருக்க வேண்டும், வெறும் ஆர்.ஓ. நீரில் ஊற வைக்கக் கூடாது. உரம் சேராத ஆர்.ஓ. நீரில் மீட்டர் காட்டும் எண்ணை நம்பவும் வேண்டாம்; அயனிகள் மிகக் குறைவாக இருப்பதால் முள் ஓரிடத்தில் நிற்காமல் அலையும்.

ஆர்.ஓ. நீரோ மழைநீரோ வைத்திருந்து, சிறிய வாளிகளில் கீரை வகைகள் வளர்ப்பவராக இருந்தால் இந்தப் புட்டியைத் தயங்காமல் வாங்கலாம்; வெளியூர் போய் ஒரு வாரம் கழித்து வந்தாலும் கரைசல் ஏறத்தாழ எல்லைக்குள் இருக்கும். காரத்தன்மை 4 அல்லது 5 பாகைக்கு மேல் உள்ள தண்ணீரைப் பண்படுத்தாமல் பயன்படுத்துபவருக்கு இதனால் பயன் இல்லை. அவர் முதலில் வாங்க வேண்டியது அந்தச் சொட்டுச் சோதனைப் பெட்டியைத்தான். பெரிய தொட்டியில் சுழற்சி முறை வைத்திருப்பவர், தன் உரத்தில் அம்மோனியத்தின் பங்கைச் சீர்செய்து, தானியங்கி அமிலக் குழாயும் பொருத்திக்கொண்டால் இதே பலனை அடையலாம்.

முதல் பெட்டி தீர்ந்ததும் நான் இரண்டாவது பெட்டியும் வாங்கிவிட்டேன். சிட்ரிக் அமிலப் புட்டியும் வீணாகவில்லை. இரண்டாவது வாளியின் காற்றுக் கல்லில் படிந்திருந்த சுண்ணாம்பைக் கரைக்க அது நன்றாக உதவியது.